இஸ்திரி போட்ட வினைச்சொல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பொத்தானும் துவாலையும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள் என்று எழுதியபோது, 'இஸ்திரியும் அப்படித்தான், ஆனால் அது ஒரு வினைச்சொல்' என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். பொத்தானைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கேள்விகள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. இங்கே போர்த்துகீசியச் சொற்களை லிஸ்பன் ஒலிப்பை ஒட்டித் தமிழில் எழுதுகிறோம். பிரேசிலில் மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறோம்.

லிஸ்பனில் இரண்டு வருஷம் வேலை பார்த்த என் மருமகனிடம் கேட்டேன். 'துணி தேய்க்கிறதுக்கு இஸ்திரி மாதிரி ஒரு வார்த்தையை அங்க யாரும் சொல்லிக் கேட்டதில்ல மாமா' என்கிறார். நீங்கள் எழுதியது சரிதானா? – வாசகர், மந்தைவெளி

மருமகன் சொல்வது சரி. நாங்கள் எழுதியதும் சரி.

மூலச்சொல் 'இஷ்திரார்'. இழுத்து நீட்டுவது, சுருக்கம் போக விரிப்பது, நெடுக்காகக் கிடத்துவது என்று பொருள். இதில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. பின்துண்டான 'திரார்' தனி வினை. எடு, கழற்று, இழு என்று விரியும். முன்னால் நிற்பது 'வெளியே' என்ற பொருள் தரும் லத்தீன் முன்னொட்டின் தேய்ந்த வடிவம். இரண்டும் சேர்ந்தால் 'வெளிப்பக்கமாக இழு'. துணியைச் சுருக்கம் போக இழுத்துப் பிடிப்பது தேய்ப்பு வேலையில் பாதி. அந்தப் பாதியின் பெயரே இந்தியக் கரைகளில் முழு வேலைக்கும் பெயராகிவிட்டது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, இந்தி எல்லாவற்றிலும் சிறு ஒலி மாற்றங்களோடு இதே சொல்தான் புழங்குகிறது.

போர்த்துகலிலோ தேய்ப்பதற்கு 'பஸார் அ ஃபெர்ரு' என்பார்கள். 'பஸார்' என்றால் கடத்து, ஓட்டு. 'ஃபெர்ரு' என்றால் இரும்பு. துணிமேல் இரும்பை ஓட்டுவது. பிரேசிலில் இரும்பும் விழுந்துவிட்டது. 'பஸார் ஹோப்ப', துணி ஓட்டுவது, அவ்வளவுதான். இன்னொரு சொல் 'எங்குமார்'. 'கோம' என்றால் பசை, கஞ்சி. கஞ்சி போடுவதற்கு வைத்த சொல், போட்டதைத் தேய்ப்பதற்கும் ஆகிவந்தது. தேய்த்துக் கொடுக்கும் கடைக்கு இன்றும் போர்த்துகலில் 'எங்குமதுரீய' என்று பெயர்ப் பலகை உண்டு. அவர்களுக்கு நின்றது கஞ்சி. நமக்கு நின்றது இழுப்பு.

'இஷ்திரார்' எப்படி 'இஸ்திரி' ஆனது? அகராதிகளில் வினையின் பெயர் வடிவம்தான் தலைச்சொல்லாக நிற்கும். அதன் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது. அந்த அசை முழுதாகக் காணாமல் போனது கொஞ்சம் இடிக்கிறது. எங்கள் கணிப்பு வேறு. வேலை வாங்குகிறவன் வாயில் அதிகம் புழங்குவது ஏவல் வடிவம். 'நீட்டுங்கள்' என்பதற்கு 'இஷ்தீரெ'. அது இஸ்திரி ஆவது எளிது. 'மெஷ்த்ரெ' மேஸ்திரி ஆனதையும் 'பாத்ரெ' பாதிரி ஆனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே வார்ப்பு. லிஸ்பனில் இன்று கேட்கும் 'ஷ்' பிற்காலத்தில் வந்தது. 16-ஆம் நூற்றாண்டு மாலுமிகள் பேசியது 'ஸ்' ஒலிக்கு நெருக்கமானது. மேஸ்திரியும் இஸ்திரியும் அந்தப் பழைய ஒலியை இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன.

பெண்கள் செய்யும் வேலை என்பதால் 'ஸ்திரீ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று ஒரு மேடையில் கேட்டேன். டச்சுச் சொல் என்று இன்னொருவர் சொல்கிறார். – வாசகி, பெரம்பூர்

மேடைக் கதை ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியது. இஸ்திரிப் பெட்டி தூக்கும் வேலையைத் தெருவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே செய்கிறார்கள். பொருளிலும் ஒட்டு இல்லை.

டச்சு வாதத்தை அப்படித் தள்ள முடியாது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்தவர்கள்தாம். தேய்ப்பதற்கு டச்சில் 'ஸ்ட்ரைக்' போன்ற ஒலி உண்டு. ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடத்தில் கடைசிக் 'க' ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது; இந்தோனேசியாவில் இஸ்திரிப் பெட்டிக்கு 'செத்ரிகா' என்று பெயர். நம் சொல்லில் ககரத்தின் சுவடே இல்லை. அதனால் போர்த்துகீசிய மூலமே பொருந்துகிறது.

துணி தேய்ப்பவர் ஏன் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்கிறார்? 'இழுத்தல்' என்ற பொருளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், மேற்கு மாம்பலம்

நேரடியான சம்பந்தம். பருத்தி நாரில் இருக்கும் செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டிருக்கும். துணி கசங்கிய நிலையில் காய்ந்தால், கசங்கிய நிலையிலேயே பிணைப்பு இறுகிவிடும். அதுதான் சுருக்கம். ஈரம் பட்டால் பிணைப்பு தளரும். சூடு அந்த ஈரத்தை விரட்டும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி இறுகும். எனவே ஈரம், சூடு, இழுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். ஈரமில்லாமல் சூடு மட்டும் காட்டினால் மடிப்பு போகாது, துணி பளபளக்கும். இழுப்பு இல்லாவிட்டால் பழைய சுருக்கம் போய்ப் புதுச் சுருக்கம் பதியும்.

ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கையில் அள்ளி விரல் நுனியால் தெளிக்க வேண்டும். கொட்டினால் திட்டுத் திட்டாக நனையும். பிறகு இறுக்கிச் சுருட்டிப் பத்து நிமிஷம் வைத்தால் ஈரம் ஒரே சீராகப் பரவும். அந்தச் சுருட்டலுக்குக் காரணம் இதுதான். முதலில் காலர். முனையிலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் சுருக்கம் எல்லாம் முனையில் போய்ச் சேர்ந்து மடிந்துவிடும், பார்க்கிறவர் கண் முதலில் படுவது அங்கேதான். அடுத்து தோள், கை, கடைசியில் உடல். இடது கை துணியின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தபடியே வலது கைப் பெட்டிக்கு முன்னால் போகும். அந்த இடது கை செய்வதுதான் இஷ்திரார். வலது கை செய்வது பஸார். தேய்த்த கையோடு மடித்து அடுக்காமல் சில நிமிஷம் ஆறவிடுங்கள். சூடும் ஈரமும் மிச்சம் இருக்கும்போது மடித்தால் அந்த மடிப்பும் பதிந்துவிடும்.

கரிப் பெட்டி ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனமே அழுத்தம், கை அமுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகக் காற்று போய்க் கரி கனலும். கனல் மங்கினால் பெட்டியை முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பெட்டிகளில் மூடியைப் பூட்டும் கொக்கி சேவல் வடிவில் இருக்கும். ஐரோப்பியக் கரிப் பெட்டிகளிலும் அதே சேவல் உண்டு. வெள்ளைச் சட்டையில் விழும் கரும்புள்ளி பெரும்பாலும் அந்த ஓட்டைகளிலிருந்து வரும் சாம்பல். ஈரத் துணியால் துடைத்தால் இழுபடும். முதலில் ஊதிவிட வேண்டும்.

ஆறு கெஜம் பருத்திப் புடவைக்குப் பெட்டி வருவதற்கு முன்பே இரண்டு பேர் கூடத்தின் இரு முனையில் நின்று, நுனிகளைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுப்பார்களே, அகராதிப் பொருளில் இஷ்திரார் என்றால் அச்சாக அதுதான். ஒரு விலக்கு: பனியன் துணி. அது பின்னல், நெசவு இல்லை. கண்ணிகள் இழுபட்டால் கழுத்து அகன்று போகும். பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

பிரேசிலுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறோம். 'தேய்க்காதீர்' என்று லேபிளில் அச்சிட வேண்டும். உங்கள் குறிப்பைப் பார்த்து 'இஷ்திரார்' போடலாமா என்று யோசிக்கிறோம். – ஆயத்த ஆடைக் கூடத்திலிருந்து, அம்பத்தூர்

போடாதீர்கள். 'நாவ்ங் இஷ்திரார்' என்றால் 'துணியை இழுக்காதீர்' என்று படிப்பார்கள். வாங்கியவர் இழுக்காமல் ஜாக்கிரதையாகச் சூடான பெட்டியை வைப்பார்; பாலியஸ்டர் உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டும். பிரேசிலுக்கு 'நாவ்ங் பஸார்', போர்த்துகலுக்கு 'நாவ்ங் பஸார் அ ஃபெர்ரு'. இரண்டு நாட்டுக்கும் ஒரே லேபிள் வேண்டுமானால் இரண்டாவதைப் போடலாம், பிரேசிலிலும் புரியும்.

'வெளுப்பான் சேர்க்காதீர்' விஷயத்தில் அந்த வசதி இல்லை. பிரேசிலில் 'அல்வெஜார்' என்ற வினை. போர்த்துகலில் 'லிஷீவிய' பயன்படுத்தாதே என்று பெயர்ச்சொல்லால் சொல்வார்கள். முறுக்கிப் பிழியாதே என்பதற்கு 'நாவ்ங் துர்ஸேர்'. பருத்தி 'அல்குதாவ்ங்', பட்டு 'ஸேத', கம்பளி 'லாங்'.

எழுத்து எதுவானாலும் படம் சரியாக இருக்கட்டும். பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரச் சூடு, மூன்று புள்ளி அதிகச் சூடு. பருத்திக்கு மூன்று, பாலியஸ்டருக்கு இரண்டு, அக்ரிலிக்குக்கு ஒன்று. வாசகமும் படமும் முரண்பட்டு நிற்கும் லேபிள்தான் அதிகம் திரும்பி வரும் தொல்லை. மொழிபெயர்ப்பவர் ஒருவர், படம் போடுபவர் ஒருவர் என்று பிரித்துக் கொடுப்பதால் வருவது. இருவரையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வையுங்கள்.

'திரார்' என்ற வினையை எங்கள் வகுப்பில் 'எடு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லா 'எடு'வுக்கும் அதையே போட்டால் ஆசிரியை சிரிக்கிறார். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது? – கல்லூரி மாணவி, சேத்துப்பட்டு

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கத்தான் வேண்டும். இந்த இரண்டு சொல்லும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒன்றாக நடந்து, திடீரென்று பிரியும்.

ஒன்றாக நடக்கும் இடங்கள்: போட்டோ எடு என்பதற்குத் 'திரார் ஊம ஃபுதுக்ரஃபீய'. மார்க் எடு, 'திரார் நோத'. ரத்தம் எடு, 'திரார் ஸங்கெ'. கிணற்றிலிருந்து தண்ணீர் எடு, துணியிலிருந்து கறை எடு, வேலையிலிருந்து லீவு எடு, எல்லாமே திரார். போர்த்துகலில் டிரைவிங் லைசென்ஸ் எடுப்பதும் 'திரார் அ கார்த'. தமிழ் தெரிந்தவர் இதையெல்லாம் மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்தான் திணறுவார். ஆங்கிலத்தைக் குறுக்கே விடாமல் தமிழிலிருந்து நேரே போவதே நல்லது என்பது எங்கள் கட்சி.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது நூல் ஓடுகிறது: ஒன்றுக்குள்ளிருந்தோ ஒன்றின் மேலிருந்தோ விலக்கி வெளியே கொண்டுவருவது. அந்த நூல் அறுந்தால் திரார் வராது. 'முடிவு எடு', 'மாத்திரை எடுத்துக்கோ' இரண்டிலும் எதையும் எதிலிருந்தும் விலக்கவில்லை. அங்கே 'துமார்' என்ற வேறு வினை. குளிப்பதும் 'துமார்' கணக்கில்தான் சேரும். 'வாந்தி எடு', 'பிச்சை எடு' இரண்டுக்கும் தனித்தனி வினைகள். 'பசி எடுக்குது' என்பதற்கு வினையே மாறி, பசியோடு இருக்கிறேன் என்று வரும்: 'இஷ்தோ கோங் ஃபோம்'.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழில் நாம் எடு என்று சொல்லாத இடத்தில் அவர்கள் திரார் போடுவார்கள். சட்டையைக் கழற்று, 'திரார் அ கமீஸ'. பல் பிடுங்கு, 'திரார் ஊங் தெந்தெ'. சந்தேகம் தீர், 'திரார் தூவிதஷ்'. இந்தப் பகுதிக்கே பொருத்தமான தொடர் அது.

இப்போது ஒரு வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: 'தீர அ ஷாவெ த மேஸ.' மேசையிலிருந்து சாவியை எடு. ஷாவெ என்பதுதான் நம் சாவி, மேஸ நம் மேசை. நடுவில் இருக்கும் 'த' என்பது 'இலிருந்து' என்ற வேற்றுமைப் பொருளும் பெண்பால் சுட்டும் ஒட்டிய வடிவம். இதை விட்டுவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் பிழை. விட்டால் 'சாவி மேசையை எடு' என்பதுபோல் ஒட்டாமல் நிற்கும். ஆண்பால் பெயர் வந்தால் அதுவே 'து' ஆகும்: 'து அர்மாரியு', அலமாரியிலிருந்து.

இன்னொரு நுணுக்கம். மேலே சொன்ன வாக்கியம், மேசைமேல் சாவி இருக்கக் கூடாது, அப்புறப்படுத்து என்ற தொனியில் போகும். 'வெளியே போறப்ப சாவிய எடுத்துக்கோ' என்பதற்கு அது உதவாது. அங்கே 'லெவார்', கொண்டுபோ. கையில் பிடி என்றால் 'பெகார்'. தமிழில் ஒரே 'எடு' மூன்று வேலையும் பார்க்கும். ஆசிரியை சிரித்தது பெரும்பாலும் இந்த இடமாக இருக்கும்.

வினைத்திரிபு சிக்கலில்லை, ஒழுங்கான வினை. நிகழ்காலம்: நான் எடுக்கிறேன் 'தீரு', நீ எடுக்கிறாய் 'தீரஷ்', அவன் அல்லது அவள் எடுக்கிறாள் 'தீர', நாங்கள் 'திராமுஷ்', அவர்கள் 'தீராவ்ங்'. இறந்தகாலம்: 'திரெய்', 'திராஷ்தெ', 'திரோ', 'திராமுஷ்', 'திராராவ்ங்'. தமிழைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடும், 'நான்' சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விகுதியில் ஆண் பெண் கிடையாது. மரியாதையும் வேறு வழியில் வரும்: நீங்கள் என்பதற்கு அவன் விகுதியையே போடுவார்கள். ஏவலில் மட்டும் பிரியும். எடு 'தீர', எடுங்க 'தீரெ'. கடைக்காரரிடம் 'தீர' என்றால் முன்பின் தெரியாதவரை நீ என்று கூப்பிட்ட மாதிரி. 'எடுக்கிறோம்', 'எடுத்தோம்' இரண்டையும் போர்த்துகலில் எழுத்துக்குறியால் பிரிப்பார்கள்; பிரேசிலில் ஒரே எழுத்து, இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே தொடக்க 'தி' பல ஊர்களில் 'ச்சி' ஆகும் என்பதால் திரார் 'ச்சிரார்' என்று காதில் விழும்.

ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும் என்றால் இரட்டை எச்சரிக்கை. அங்கே இதே சொல் 'தூக்கி எறி' என்று பொருள் தரும். சாவியை எடுக்கச் சொல்லப் போய்க் குப்பையில் போடச் சொன்னதாக ஆகிவிடும்.

இரண்டு மரபுத்தொடர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஸெங் திரார் நெங் போர்': எடுக்கவும் இல்லை போடவும் இல்லை, நம் 'அச்சு அசல்'. பிரேசில் இளைஞர் பேச்சில் 'தா மி ச்சிராந்து?' என்று கேட்டால் என்னைக் கலாய்க்கிறாயா என்று அர்த்தம், போட்டோவைத் தேடாதீர்கள்.

பிரேசில் கால்பந்துச் செய்திகளில் ஒரு வீரர் ஆடவில்லை என்றால் 'எஸ்ச்சிரமெந்து' என்று போடுகிறார்கள். இஸ்திரிக்கும் இதற்கும் உறவா? – வாசகர், வியாசர்பாடி

உடன்பிறப்பு. இஷ்திரார் வினையிலிருந்து வந்த தொழிற்பெயர், தசை நார் அளவுக்கு மேல் இழுபட்டது என்று பொருள். தொடையின் பின்தசை என்றால் ஓட்டக்காரர்களுக்கு அடிக்கடி வருவது. அதே வேரில் 'இஷ்திராவ்ங்' உண்டு; வளரும் பருவத்தில் பிள்ளைகள் திடீரென்று உயரமாவதற்குப் பிரேசிலில் அதைச் சொல்வார்கள். சோபாவில் கை கால் நீட்டிக் கிடப்பவரும் 'இஷ்திராது'தான்.

அன்றாடப் பேச்சில் நீட்டுவதற்கு 'இஷ்திகார்' என்ற இன்னொரு சொல் அதிகம் புழங்குகிறது. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'இஷ்திகார் அஷ் பேர்னஷ்' என்றால் காலை நீட்டிச் சோம்பல் முறிப்பது. பேர்னஷ் இருக்கும் இடத்தில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியைச் சொல்லும் 'கனேலஷ்' வந்துவிட்டால், பிரேசிலில், மண்டையைப் போட்டார் என்று அர்த்தம்.

சாவி, ஜன்னல், அலமாரி என்று பெயர்ச்சொற்களாகவே வந்திருக்கின்றன. வினைச்சொல் ஏன் இஸ்திரி தவிர வரவில்லை? – வாசகர், ராயபுரம்

வந்த இஸ்திரியும் தமிழில் வினையாக வாழவில்லை. 'இஸ்திரித்தேன்' என்று யாராவது சொல்கிறோமா? இஸ்திரி போட்டேன், இஸ்திரிக்குக் கொடுத்தேன் என்கிறோம். தமிழ் வினை விகுதிகள் பிறமொழிச் சொல்மேல் சட்டென்று ஏறுவதில்லை. அதனால் வந்ததைப் பெயராக்கி ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, போடு, செய், பண்ணு, விடு என்று நம் வினை ஒன்றைக் கூட அனுப்புகிறோம். போன் பண்ணு, அயர்ன் பண்ணு வரைக்கும் இதே வழிதான். போர்த்துகீசியர் கப்பலோடு பொருள்கள் வந்தன, பொருளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. பூட்டவும் திறக்கவும் உட்காரவும் நம்மிடம் வினைகள் ஏற்கெனவே இருந்தன.

உங்கள் ஊர்ப் பக்கமே ஓர் உதாரணம் இருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலையில் கேட்கும் 'ஏலம்', போர்த்துகீசிய 'லெய்லாவ்ங்' வழி வந்தது. அவர்களுக்கே அது அரபியிலிருந்து கிடைத்தது. அவர்கள் அந்தப் பெயரிலிருந்து 'லெய்லுவார்' என்று வினை செய்துகொண்டார்கள். நாம் ஏலம் விடு, ஏலம் எடு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். விற்பவன் விடுகிறான், வாங்குபவன் எடுக்கிறான். ஒரே பெயர், இரண்டு எதிர் வினை. கேட்டு முடித்து வாங்குவதற்குப் போர்த்துகீசியத்தில் 'அர்ரெமதார்' என்று சம்பந்தமில்லாத வேறொரு வினை வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் தமிழ் ஏற்பாடே சிக்கனம்.

அந்தக் காலத்திலேயே இரண்டு மொழிக்கும் அகராதி இருந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தாவ்ங் தெ புரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சானது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

லஸ் கார்னரும் ஒரு போர்த்துகீசிய வினையா? – வாசகி, லஸ்

பெயர்ச்சொல். 'லூஷ்', ஒளி. காட்டுக்கோயில் என்று ஊரில் சொல்லும் ஒளி மாதா ஆலயத்தால் அந்த வட்டாரத்துக்கு வந்த பெயர். ஆலயத்தில் 1516 என்று பொறித்திருக்கிறது. அதே வேரில் வந்த வினை 'லுஸீர்', ஒளிர். பிரசவிப்பதற்கு 'தார் ஆ லூஷ்', ஒளிக்குத் தருவது என்பார்கள். குழந்தையை ஒளிக்குத் தருகிறாள், குழந்தைக்கு ஒளியைத் தருவதில்லை. இந்த இடத்தில் அவர்களே தடுக்கி விழுவதுண்டு.

அடுத்த மாதம் லிஸ்பன் போகிறேன், ஆறு மாத வேலை. சட்டைகளைத் தேய்க்கக் கொடுக்கத் தேவையான நாலு வார்த்தை சொல்லுங்கள். – வாசகர், வேளச்சேரி

எங்குமதுரீய என்ற பலகையைத் தேடுங்கள். துவைத்தும் தேய்த்தும் தரும் கடைக்கு 'லவந்தரீய' என்று பெயர். அங்கே சொல்லாமல் கொடுத்தால் துவைத்துக் கூலியும் போட்டுவிடுவார்கள். எனவே முதல் வார்த்தை: 'எ ஸோ பர பஸார் அ ஃபெர்ரு', தேய்க்க மட்டும். இரண்டாவது: பேன்ட்டில் நேர்கோட்டு மடிப்பு வேண்டுமானால் 'கோங் வீங்கு', வேண்டாமென்றால் 'ஸெங் வீங்கு'. மூன்றாவது: கஞ்சி வேண்டாம், 'ஸெங் கோம'. சில கடைகளில் உருப்படிக் கணக்கு, சில கடைகளில் மணிக்கணக்கு. பத்துச் சட்டைக்குக் குறைவாக இருந்தால் உருப்படிக் கணக்கே லாபம், பார்த்துக் கேளுங்கள்: 'ஆ பேஸ?'

நாலாவது, என்றைக்கு வந்து வாங்குவது. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுவார்கள். அவர்கள் கிழமைகளுக்கு எண் வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கை ஞாயிறில் தொடங்குகிறது. 'ஸெகுந்த' இரண்டாம் நாள், திங்கள். 'தேர்ஸ' மூன்றாம் நாள், செவ்வாய். 'குவார்த' புதன், 'கீந்த' வியாழன், 'ஸெய்ஷ்த' வெள்ளி. திங்களிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஒரு நாள் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

இன்னொன்று, கடைக்குள் நுழையும்போது. கதவில் 'பூஷெ' என்று எழுதியிருக்கும். படித்தால் தள்ளு என்கிற ஆங்கிலச் சொல் மாதிரியே காதில் விழும். அது 'பூஷார்' என்ற வினையின் ஏவல். இழுங்கள் என்று பொருள். தள்ளச் சொல்வது 'எம்பூர்ரெ'.